கடித்தது நாய், பதில் சொல்ல வேண்டியது யார்?

ஒரு சின்னக் கேள்வி. 1870-களில் நியூயார்க் நகரத்து ஜனங்கள் எந்த நாயைக் கண்டால் அதிகம் பயந்தார்கள்? ராட்வைலரா? டாபர்மேனா? பிட்புல்லா?

மூன்றும் இல்லை. ஸ்பிட்ஸ்!

ஆமாம், வெள்ளையாய், புசுபுசுவென்று, நம் ஊரில் ஓய்வு பெற்ற மாமாக்கள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவார்களே, அந்த ஜாதிதான். நாம் 'பொமரேனியன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாய்களில் பாதிக்கு மேல் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அன்றைய நியூயார்க்கில் வெறிநோயைப் பரப்புவதே இந்த ஸ்பிட்ஸ்தான் என்று ஒரு நம்பிக்கை பரவியது. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்த இனத்தையே ஒழிக்க வேண்டும் என்று கூட யோசனை சொன்னார்கள். வெறிநோய் ஒரு கிருமியால் வருவது, அது எந்த நாய்க்கும் வரும் என்பதெல்லாம் தெளிவாகாத காலம். கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிட, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை நாய் மேல் பழி போடுவது சுலபமாக இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடந்த சில வருடங்களாக நம் நாட்டில் 'ஆபத்தான நாய் இனங்கள்' பற்றிப் பெரிய சண்டை நடக்கிறது. நாங்கள் இருக்கும் நொய்டா, காஜியாபாத் பக்கம் இது அபார்ட்மெண்ட் கூட்டங்களில் கட்டாயம் வரும் விஷயம். பார்க்கிங், தண்ணீர் டேங்க், நாய். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு கூட்டமும் முடியாது. ஒரு பக்கம் "அந்த ஜாதி நாயையே தடை பண்ணு" என்பார்கள். இன்னொரு பக்கம் "என் குழந்தை ஒன்றும் பண்ணாது" என்பார்கள் (குழந்தை என்றால் நாய்). நடுவில் நம் மாதிரி, வேலைக்காக வந்து வாடகைக்கு இருக்கிறவர்கள், பையனை எப்படித் தனியாக லிஃப்டில் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டு நிற்போம். இந்தச் சண்டைக்கு 150 வருடத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் நமக்கு உபயோகமாக இருக்கும்.

பயம் ஜாதி மாறிய கதை

ஸ்பிட்ஸோடு இது நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிளட்ஹவுண்ட் என்றாலே நடுக்கம். தப்பி ஓடும் அடிமைகளைத் துரத்தும் நாய் என்று 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகங்களில் மேடையேற்றியே அதற்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஜெர்மன் ஷெப்பர்டின் முறை. முதல் உலகப் போரின் விளைவாக ஜெர்மனி என்ற பெயரே ஆகாது என்று பிரிட்டனில் அதற்கு 'அல்சேஷன்' என்று பெயர் மாற்றினார்கள். நம் ஊரில் இன்றும் பெரியவர்கள் 'அல்சேஷன் நாய்' என்பது அந்தப் போர்க்காலத்து மிச்சம்தான். ஆஸ்திரேலியா 1929-ல் இந்த இனத்தை இறக்குமதி செய்யவே தடை போட்டது. டிங்கோ என்ற காட்டு நாயோடு கலந்து ஆட்டு மந்தைகளை அழித்துவிடும் என்று பயம். அந்தத் தடை 1970-கள் வரை நீடித்தது. அதே காலத்தில் மற்ற நாடுகளில் அதே நாய் பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது!

பிறகு டாபர்மேன். ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் வரி வசூல் செய்த ஒருவர், தனக்குத் துணைக்கு என்று உருவாக்கிய இனம். (வரி வசூலிக்கப் போகிறவருக்கு அப்படி ஒரு துணை தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.) இரண்டாம் உலகப் போரும் சினிமாவும் சேர்ந்து அதை வில்லனாக்கின. அதன் பின் ராட்வைலர், அதன் பின் பிட்புல்.

பிட்புல்லின் கதை மற்றதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் விளையாட்டு பல நூற்றாண்டுகளாக இருந்தது. 1835-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். காளையோடு சண்டை நின்றது. ஆனால் பந்தயம் கட்டுகிறவன் சும்மா இருப்பானா? நாயையும் நாயையும் மோதவிட்டான். அதற்குப் பெரிய இடம் வேண்டாம், ஒரு பின்கட்டு போதும். புல்டாக்கின் பலமும் டெரியரின் வேகமும் சேர்ந்த கலப்பு நாய்கள் அப்படித்தான் வந்தன. குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கும் போயின. 1898-ல் அங்கே யுனைடெட் கென்னல் கிளப் ஆரம்பித்தவுடன் பதிவு செய்த முதல் இனமே அமெரிக்கன் பிட்புல் டெரியர்தான்.

முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கச் சுவரொட்டிகளில் தேசத்தின் அடையாளமாக நின்றது இதே நாய்தான். 1980-களில் சட்டவிரோத நாய்ச் சண்டை, போதைப்பொருள் விற்பவர்களின் வாசல் காவல் என்று பெயர் கெட்டது. 1987-ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை அட்டையிலேயே பல்லைக் காட்டும் பிட்புல் படத்தைப் போட்டு எச்சரிக்கை செய்தது. எழுபது வருடத்துக்குள் தேச சின்னத்திலிருந்து தேச விரோதி!

அதற்காக "எல்லா நாயும் ஒன்றுதான்" என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்த பிடியை விடாத குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தால் அது ரத்தத்தில் கொஞ்சமாவது இருக்கும். சிவாவா கடித்தால் பேண்டேஜ், 50 கிலோ நாய் கடித்தால் ஆபரேஷன் தியேட்டர். இந்த வித்தியாசத்தை மறுப்பதில் அர்த்தமில்லை. கேள்வி என்னவென்றால், இனங்களின் பட்டியல் போட்டுத் தடை செய்தால் மக்கள் பிழைத்தார்களா?

இங்கிலாந்து 1991

இதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது பிரிட்டனின் ஆபத்தான நாய்கள் சட்டம்.

அதற்கு முன்னால் அங்கே சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில், ஒரு நாய் மனிதனைக் கடித்தால், அது கடிக்கும் சுபாவம் உள்ளது என்று சொந்தக்காரனுக்கு முன்பே தெரியும் என நிரூபித்தால்தான் நஷ்டஈடு. அதாவது முதல் கடி இலவசம்! 1865-ல் ஒரு சட்டம் வந்தது. நாய் ஆடு மாடுகளைக் கடித்தால், முன்பே தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே கிடையாது, சொந்தக்காரன் பணம் கட்ட வேண்டும். ஆட்டைக் கடித்தால் உடனே நஷ்டஈடு, ஆளைக் கடித்தால் நிரூபி. பாராளுமன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். 1871-ல் இன்னொரு சட்டம், ஆபத்தான நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கவோ கொல்லவோ உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. அது எந்த இனத்தையும் பெயர் சொல்லவில்லை.

1991-ஆம் வருடம் அடுத்தடுத்து சில கொடூரமான சம்பவங்கள். மே மாதம் பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை பிட்புல் கடித்துக் குதறியது. பத்திரிகைகள் கொதித்தன. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார். ஜூலையில் சட்டம், ஆகஸ்டில் அமல். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்று நான்கு வகைகள் தடை செய்யப்பட்டன.

பிரச்சினை அடுத்த நாளே ஆரம்பித்தது. பிட்புல் என்பதை அந்த நாட்டுக் கென்னல் கிளப் ஓர் இனமாக அங்கீகரிக்கவே இல்லை. பிறகு எது பிட்புல் என்று யார் சொல்வது? சட்டம் 'வகை' என்ற வார்த்தையைப் போட்டிருந்தது. 1993-ல் உயர்நீதிமன்றம், 'வகை' என்பது 'இனம்' என்பதைவிட விரிவானது, தோற்றம் பெருமளவு பொருந்தினால் போதும் என்றது. ஆக, போலீஸ்காரர் டேப் வைத்துத் தலையையும் மார்பையும் அளந்து நாயின் விதியை முடிவு செய்ய வேண்டிய நிலை. யாரையும் கடிக்காத நாய்கள் தோற்றத்துக்காகப் பிடிபட்டு மாதக்கணக்கில் கூண்டில் கிடந்தன. கட்டாயக் கொலை என்ற விதியை 1997-ல் தளர்த்தி, நீதிபதி முடிவு செய்யலாம் என்று திருத்தினார்கள்.

இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. கட்டுப்பாடில்லாத நாய்க்கான தண்டனை பெரும்பாலும் பொது இடத்துக்குத்தான் பொருந்தியது. சொந்த வீட்டுக்குள் வந்த தபால்காரரையோ நர்ஸையோ கடித்தால்? அதைச் சரி செய்ய 2014 ஆயிற்று. அந்த வருடம் தனியார் இடத்துக்கும் சட்டத்தை நீட்டி, உயிர்ப்பலி ஏற்பட்டால் சொந்தக்காரருக்கு 14 வருடம் வரை சிறை என்று ஆக்கினார்கள். 23 வருடம் கழித்துத்தான் கயிறைப் பிடித்திருக்கும் கை மேல் சட்டத்தின் கண் முழுசாகப் போனது.

கதை அங்கேயும் முடியவில்லை. பிட்புல்லுக்குத் தடை என்றவுடன், பட்டியலில் இல்லாத பெரிய உடம்பு நாய்களை வளர்த்தார்கள். 'எக்ஸெல் புல்லி' என்று புதிதாக ஒன்று வந்தது. அதன் தாக்குதல்களில் மனிதர்கள் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் தடையை அறிவித்தார். 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். 33 வருடம் கழித்துப் பட்டியல் நான்கிலிருந்து ஐந்தானது. அடுத்து ஆறாவது எது என்று தெரிய, அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேறு வழியில் போனவர்கள்

நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லைத் தடை செய்து, கடிகள் குறையவில்லை என்று பார்த்து 15 வருடம் கழித்துக் கைவிட்டது. இத்தாலியும் நீண்ட பட்டியல் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு 2009-ல் அதை எடுத்துவிட்டு, எந்த நாயாக இருந்தாலும் சொந்தக்காரரே பொறுப்பு என்ற விதிக்கு மாறியது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2013 முதல் புதிதாக நாய் வளர்க்கிறவர் பரீட்சை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, நாயோடு நடந்து காட்டும் தேர்வும் உண்டு. ஓட்டுநர் உரிமம் மாதிரி. கனடாவின் கால்கரி நகரம் 2006-ல் கொண்டுவந்த விதியின் பெயரே 'பொறுப்பான வளர்ப்பு' என்று வரும். இனத்தின் பெயர் இல்லை. லைசென்ஸ் கட்டாயம், கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு, மோசமாக நடந்துகொண்ட நாய்க்குக் கட்டணம் அதிகம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. 2001 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழியில், பக்கத்து வீட்டுக்காரரின் பிரெசா கனாரியோ நாய்கள் ஒரு பெண்ணைக் கடித்துக் கொன்றன. தன் வீட்டுக் கதவைத் திறக்கும் இடத்திலேயே அவர் இறந்தார். அந்த நாய்களைப் பற்றி எச்சரிக்கைகள் பலமுறை வந்தும் சொந்தக்காரர்கள் அலட்சியம் செய்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. நாயைக் கொண்டுவந்த பெண் மேல் கொலைக் குற்றம் உறுதியானது. அந்த வழக்கில் நீதிமன்றம் கேட்டது, "அபாயம் தெரிந்தும் ஏன் வெளியே கூட்டி வந்தாய்?" என்பதைத்தான். இன்று நம்மில் பெரும்பாலோர் வசிப்பதும் அப்படிப்பட்ட நடைவழிகளில்தான்.

நம் நாட்டில்

நம்மிடம் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, 1860-லிருந்து. இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு. தன்னிடம் உள்ள மிருகத்தால் மனித உயிருக்கோ பலத்த காயத்துக்கோ வரக்கூடிய அபாயத்தைத் தடுக்க, தெரிந்தோ அலட்சியத்தாலோ ஒருவர் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், நாயின் ஜாதியே பேச்சில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 291-ஆம் பிரிவு. சிறைக்காலம் மாறவில்லை, அபராதம் மட்டும் 5,000 வரை ஆகியிருக்கிறது. பெரிய இனத்துக் குட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு மாத நாய்த்தீனிச் செலவுகூட இல்லை.

மிருகங்கள் பக்கமும் சட்டம் உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே ருக்மிணி தேவிதான். அரசே சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல வருடங்கள் சென்னையில்தான் இருந்தது, பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. நாய்ச் சண்டை நடத்துவது இந்தச் சட்டப்படி குற்றம். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பதிவில்லாமல் நாய்களை வளர்த்து விற்கக் கூடாது, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண் உள்ள விற்பனையாளரிடம் குட்டி வாங்கியவர் உங்களுக்குத் தெரிந்து எத்தனை பேர்?

2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவர், வீட்டில் வளர்த்த பிட்புல் கடித்து இறந்தார். செப்டம்பரில் காஜியாபாதில் லிஃப்டுக்குள் ஒரு சிறுவனை நாய் கடிக்கும் வீடியோ நாடு முழுக்க ஓடியது. அதைப் பார்த்தவர்களுக்கு மறக்காதது நாய் அல்ல, பையன் வலியில் துடிக்க, எதுவுமே நடக்காதது மாதிரி பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்தான். அக்டோபரில் காஜியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றையும் தடை செய்தது. அடுத்த மாதம் நொய்டா ஆணையம் வேறு வழியில் போனது. பதிவு கட்டாயம், கடித்தால் சொந்தக்காரருக்கு 10,000 ரூபாய் அபராதம், வைத்தியச் செலவும் அவரே ஏற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே பிரச்சினை, இரண்டு வைத்தியம்!

பிறகு மத்திய அரசு வந்தது. டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு. மூன்று மாதத்தில் முடிவெடுங்கள் என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச் 12-ல் கால்நடைத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களுக்கு விற்பனை, இனப்பெருக்க அனுமதி கிடையாது. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை. பட்டியலைப் பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். டோசா இரண்டு இடத்தில் வந்தது. ஓர் இடத்தில் மொட்டையாக 'டெரியர்கள்' என்று இருந்தது. கைப்பையில் அடங்கும் யார்க்ஷயர் டெரியரும் டெரியர்தானே?

கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் 10-ல் இதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரையும் கேட்கவில்லை, சட்டம் சொல்லும் வழியில் நடக்கவில்லை என்பது காரணம். கூடவே, காயம்பட்டவரின் வைத்தியத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் சொந்தக்காரரைப் பொறுப்பாக்குவது பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. டெல்லி உயர்நீதிமன்றத்திலும் சுற்றறிக்கை நிற்கவில்லை. மே மாதம் அரசு மறுபடி மக்களின் கருத்தைக் கேட்டது.

அதே மே மாதம் 5-ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்தன. அந்தக் குழந்தை பூங்கா காவலாளியின் மகள். சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். சில நாளில் தமிழ்நாட்டிலும் 23 இனங்களுக்குத் தடை என்று உத்தரவு வந்தது, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

காவலாளியின் மகள் என்பதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நாய் வளர்க்கிறவருக்கு வேறு பூங்காவுக்குப் போகலாம், வேறு நேரத்தில் போகலாம். அந்தக் குழந்தைக்கு அதுதான் வீடு. செக்யூரிட்டி, வேலைக்கார அம்மா, பார்சல் கொண்டுவரும் பையன், இவர்களெல்லாம் "அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன்" என்று சொல்ல முடியாதவர்கள். பட்டியல் சரியா தப்பா என்று டிவியில் வாதாடுகிறவர்கள் இரண்டு பக்கமும் நாய் வாங்க வசதி உள்ளவர்கள்தான். கடி வாங்க வாய்ப்புள்ளவர் அந்த மேஜையில் உட்காருவதே இல்லை. 1865-ல் ஆட்டுக்காவது பேச ஆள் இருந்தது.

நமக்கு என்ன?

வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம். மொழி சரியாக வராது, வாடகை வீடு, எதற்கு வம்பு என்று பேசாமல் வந்துவிடுவோம். ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு இன்னும் மோசம், நாயைப் பிடி என்று ஹிந்தியில் சொல்லக்கூடத் தெரியாது. அதனால் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடிபட்டால் முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். "தடுப்பூசி போட்ட நாய்தான்" என்று சொந்தக்காரர் சொன்னாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம் புகார், எழுத்தில், 291-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு. சொஸைட்டி செயலாளரிடம் வாயால் சொல்வது புகார் ஆகாது.

நாய் வளர்க்கிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாய் வளர்க்கவே கூடாது என்று சொஸைட்டி தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஊர்ப்பாசத்தில் ராஜபாளையம், கோம்பை என்று குட்டி வாங்கி இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அடைக்கும்போது யோசியுங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வயற்காட்டில் ஓடிய நாய் அது. ஒரு ஆளை மட்டும் நம்பி, மற்றவரைச் சந்தேகிப்பது அதன் குணம், ஊரில் அதைத்தான் பெருமையாகச் சொல்வோம். ஒன்பதாவது மாடியில் அந்தக் குணமே பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து. இன்று அது எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை என்பதால் அந்தப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

அடுத்த சொஸைட்டி கூட்டத்தில் யாராவது "அது என்ன ஜாதி நாய்?" என்று ஆரம்பித்தால், நீங்கள் எழுந்து நான்கு கேள்வி கேளுங்கள். மாநகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா? இந்த வருடத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா? கயிறைப் பிடித்துக்கொண்டு போகிறவர், பல வீடுகளில் அது வேலைக்கு வைத்த பதினைந்து வயதுப் பையன், அந்த நாய் பாய்ந்தால் நிறுத்திப் பிடிக்கும் பலம் உள்ளவரா? கடித்தால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது என்று எழுத்தில் இருக்கிறதா?

ஹிந்தி தகராறு என்றால் முன்னாடியே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.